தாய்லாந்து எழுத்தெல்லாம் மனப்பாடம், சொல்லைக் கொடுத்தால் வாசிக்கத் திணறுகிறான்: ப்ரதோம் 1 பிள்ளைக்கு வீட்டில் எப்படி உதவுவது?

சீலோம் அம்மா

எல்லோருக்கும் வணக்கம். பாங்காக்கில் சீலோம் பக்கம் இருக்கிறோம். கணவருக்கு மஹேசக் சாலையில் ரத்தினக்கல் வியாபாரம். மகனைத் தாய்லாந்துப் பள்ளியிலேயே சேர்த்திருக்கிறோம், இப்போது ப்ரதோம் 1 (ஒன்றாம் வகுப்பு).

பேச்சில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை. கீழே பழம் விற்கும் அம்மாவிடம் என்னைவிட நன்றாகப் பேரம் பேசுவான். ‘கோ கை’யில் தொடங்கி ‘ஹோ நோக் ஹூக்’ வரை 44 எழுத்தையும் ராகத்தோடு ஒப்பிப்பான். ஆனால் பாடப் புத்தகத்தைத் திறந்து ஒரு சொல்லைக் காட்டினால் விழிக்கிறான். தினமும் இரவு ஒரு பக்கம் சத்தமாக வாசிக்க வைத்து, பெற்றோர் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்கிறார் டீச்சர். எனக்குப் பேச ஓரளவு வரும், வாசிக்கத் தெரியாது. அதனால் தெரிந்த ஒருவரிடம் கேட்டு, ஒவ்வொரு சொல்லுக்கு மேலேயும் பென்சிலால் தமிழில் எழுதி வைக்கிறேன். அதைப் பார்த்துக் கடகடவென்று வாசித்துவிடுகிறான். டீச்சரோ மேலே எதுவும் எழுதாதீர்கள் என்கிறார். எழுதாவிட்டால் நான் எப்படி உதவுவது? இந்தக் கட்டத்தைத் தாண்டியவர்கள் சொல்லுங்கள்.

ரங்சித் அப்பா

எழுதிக் கொடுக்காம எப்படிங்க முடியும்? நம்ம கண்ணுக்கு ஒண்ணுமே புரியாதப்போ பிள்ளை சரியா வாசிச்சானா தப்பா வாசிச்சானான்னு எப்படித் தெரியும்? என் பொண்ணு ப்ரதோம் 2. நானும் எழுதித்தான் கொடுத்தேன். ஆனா இங்கிலீஷ் எழுத்தில் மட்டும் எழுதாதீங்க. பி-எச் போட்டா பிள்ளைங்க ‘ஃப’ன்னு படிக்கும். புக்கெட் ஊர்ப் பெயரை எத்தனை பேர் ‘ஃபுக்கெட்’னு சொல்றாங்கன்னு பாருங்க. அதுக்குத் தமிழ் எழுத்து எவ்வளவோ மேல்.

அனுபான் டீச்சர்

சீலோம் அம்மாவுக்கு வணக்கம். இங்கே ஓர் அனுபானில் (மழலையர் பள்ளி) வேலை செய்கிறேன். தாய்லாந்துப் பிள்ளைகளோடு நம் பிள்ளைகளும் படிக்கிறார்கள்.

ரங்சித் அண்ணா, இங்கிலீஷ் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் தமிழ் எழுத்திலும் அதே அளவுக்குச் சிக்கல் இருக்கிறது. பாட்டின் முதல் இரண்டு எழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவது ‘கோ கை’, கோழி. இரண்டாவது முட்டை. இரண்டையும் தமிழில் எழுதினால் ‘கை’, ‘கை’ என்றுதான் வரும். இரண்டு சொல்லுக்கும் சுரம்கூட (குரலின் ஏற்ற இறக்கம்) ஒன்றேதான், தாழ்ந்த சுரம். கோழிக்கும் முட்டைக்கும் உள்ள வேறுபாடு முழுக்க மூச்சில் இருக்கிறது. முட்டையில் ‘க்’ வெடிக்கும்போது காற்று வெளியே தள்ளும், கோழியில் தள்ளாது. தமிழில் அந்த வேறுபாடே கிடையாது என்பதால் நம் காது அதைக் கண்டுகொள்வதில்லை. உங்கள் மகனின் காது கண்டுகொள்ளும். கடையில் முட்டை கேட்டுக் கோழி வாங்கி வரமாட்டான். காதில் சரியாக இருப்பதைத் தமிழ் எழுத்தைக் காட்டி நாமே மழுங்கடிக்கக் கூடாது.

ஒன்று செய்து பாருங்கள். மெல்லிய தாளைக் கிழித்து அவன் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு இரண்டையும் சொல்லச் சொல்லுங்கள். முட்டைக்குத் தாள் ஆடும், கோழிக்கு ஆடாது. இதேபோல் பெரியம்மாவும் (‘பா’) துணியும் (‘ப்ஹா’) ஒரு ஜோடி. ‘தா’ என்றால் கண், அம்மாவின் அப்பா என்றும் பொருள். மூச்சுத் தள்ளி ‘த்ஹா’ என்றால் பூசுவது. பிள்ளைகளுக்கு இது விளையாட்டு மாதிரி பிடித்துப்போகும். பிறகு எந்த எழுத்துக்குத் தாள் ஆடுகிறது, எதற்கு ஆடவில்லை என்று எழுத்து அட்டைகளை இரண்டு குவியலாகப் பிரிக்கச் சொல்லுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். 44 எழுத்தின் பாட்டு, எழுத்துகளின் பெயரைத்தான் கற்றுத் தருகிறது. வாசிப்பது எழுத்தைக் கூட்டுவது. இங்கே பள்ளியில் அதற்கு ‘சகோட் கம்’ என்று பெயர். பழைய முறைதான், இன்னும் அதற்கு நிகராக ஒன்றை நான் பார்க்கவில்லை. ‘மா’ (வா) என்ற சொல்லைப் பார்த்தால் ‘மோ, ஆ, மா’ என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். மெய்யெழுத்தின் ஒலி, உயிரின் ஒலி, இரண்டும் சேர்ந்த ஒலி. ‘மோ மா’ என்று எழுத்தின் பெயரில் வரும் குதிரையையெல்லாம் இழுத்துவரக் கூடாது, ‘மோ’ போதும். பல பிள்ளைகள் சிக்கிக்கொள்வது இங்கேதான். ‘கோ கை, ஸரா ஆ...’ என்று முழுப் பெயரையும் ஒப்பிப்பதற்குள் சொல் மறந்துவிடுகிறது.

குதிரைக்கு: ‘மோ, ஆ, மா, மா, மை தோ, மா’. மை தோ என்பது எழுத்தின் மேல் போடும் ஒரு சுரக்குறி. கடைசி ‘மா’வில் குரல் மேலே நிற்கும். நாய்க்கு: ‘ஹோ, மோ, ஆ, மா’. முன்னால் நிற்கும் ‘ஹோ’வுக்குத் தனி ஒலி இல்லை, அது குரலை ஏற்றிவிடுகிறது. வா, குதிரை, நாய் மூன்றும் தமிழில் எழுதினால் ‘மா’ ஒன்றுதான். தாய்லாந்து எழுத்தில் மூன்றும் மூன்று விதம். அந்த எழுத்தில் அவ்வளவு தெளிவாக இருக்கும்போது மேலே எதற்கு இன்னோர் எழுத்து?

பாங்காக்கில் பிறந்தவள்

டீச்சர் சொல்வதை வரிக்கு வரி ஆமோதிக்கிறேன். நான் இங்கேயே பிறந்து இங்கேயே படித்தவள். வகுப்பு முழுக்கக் கையை ஆட்டிக்கொண்டு ‘கா’வை ஐந்து சுரத்திலும் சொல்வோம்: சமமாக, தாழ்த்தி, இறக்கி, உயர்த்தி, கடைசியில் கீழிருந்து ஏற்றி. கை போகும் பக்கம் குரல் போகும். வீட்டில் தமிழ் மட்டும் பேசிய பிள்ளைகளுக்கு அந்தக் கையசைவு பெரிய துணை.

இன்னொன்று: புலி, பாய், சட்டை. மூன்றுமே ‘ஸூஆ’ மாதிரி ஒலிப்பவை, ஒரே எழுத்தில் தொடங்குபவை. குறி போடாவிட்டால் புலி, மை ஏக் என்ற இன்னொரு சுரக்குறி போட்டால் பாய், மை தோ போட்டால் சட்டை. மூன்று படம் வரைந்து சுவரில் ஒட்டி, கீழே சொல்லை எழுதி வைத்தால் போதும். மேலே உள்ள சின்னக் குறி அலங்காரத்துக்கு இல்லை என்று பிள்ளைக்குப் புரிந்துவிடும்.

சீலோம் அம்மா

தாளைப் பிடித்துப் பார்த்தோம். அவனுக்கு ஆடுகிறது, எனக்கு இரண்டுக்கும் ஆடவில்லை! ‘அம்மா நீ ரெண்டு தடவையும் கோழியைத்தான் சொல்ற’ என்று சிரிக்கிறான். மேலே எழுதியதையெல்லாம் அழித்துவிட்டோம். ‘மோ, ஆ, மா’ முறையில் சின்னச் சொற்கள் வருகின்றன.

இப்போது இரண்டு சந்தேகம். ஒன்று, சில உயிர்க்குறிகள் மெய்யெழுத்துக்கு முன்னால் வருகின்றன. அவன் இடமிருந்து வலமாகப் பார்த்து, முதலில் உயிரைச் சொல்லிவிட்டுப் பிறகு மெய்யைத் தேடுகிறான். இரண்டு, ‘க்’, ‘ப்’, ‘ட்’டில் முடியும் சொல் வந்தால் ‘பாக்’ என்று நிறுத்தாமல் ‘பாக்கு’ என்று இழுக்கிறான்.

சியாங்மாய் மருமகள்

முதல் சந்தேகத்துக்குத் தமிழ்ப் பிள்ளைகளிடம் கையிலேயே மருந்து இருக்கிறது. உங்கள் மகனுக்குத் தமிழ் எழுத்துத் தெரியுமா? தெரிந்தால் ‘கெ’, ‘கே’, ‘கை’ மூன்றையும் எழுதிக் காட்டுங்கள். கொம்பும் இரட்டைக் கொம்பும் முன்னால்தான் நிற்கின்றன, ஆனால் நாம் ‘க’வைத்தானே முதலில் சொல்கிறோம்? ‘கொ’வில் முன்னாலும் பின்னாலும் அணைத்துக்கொண்டு நிற்கிறது. தாய்லாந்து எழுத்திலும் ஏ, ஏவுக்கும் ஆவுக்கும் நடுவில் வரும் அந்த அகன்ற ஏ, ஓ, ஐ எல்லாம் முன்னால் நிற்கும். இது தற்செயல் இல்லை. தாய்லாந்து எழுத்து கெமர் எழுத்தின் வழி வந்தது. கெமர் எழுத்துக்கு மூலம் நம் பல்லவர் கால எழுத்து. காஞ்சியிலிருந்து கடல் தாண்டிப் போன கொம்பு அது! என் மகளுக்கு இதைச் சொன்னபோது அவள் முகத்தில் வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே. அவள் அப்பா தாய்லாந்துக்காரர். அவருக்கே புதிய செய்தி.

விரலால் மெய்யெழுத்தைத் தொட்டுக்கொண்டு தொடங்கச் சொல்லுங்கள். முன்னால் கொம்பு நின்றாலும் விரல் மெய்யின் மேல்தான் இருக்க வேண்டும். பழகும்வரை மெய்யெழுத்தை மட்டும் வண்ணப் பென்சிலால் வட்டமிடலாம்.

இரண்டாவது, ‘பாக்கு’. இது நம் தமிழ் நாக்கின் பழக்கம். வல்லெழுத்தில் சொல்லை முடிக்க நமக்கு வராது, ஓர் ‘உ’ ஒட்டிக்கொள்ளும். தாய்லாந்தில் முடிவில் வரும் ‘க், ட், ப்’ வெடிக்கவே கூடாது. ‘ப்’ என்றால் உதடு மூடியது மூடியபடி இருக்க வேண்டும். அங்கேயே நின்று அடுத்த சொல்லுக்குப் போக வேண்டும். கண்ணாடி முன்னால் நிறுத்தி, ‘உதட்டைத் திறக்காதே’ என்று சொன்னால் ‘ப்’ சீக்கிரம் வந்துவிடும். ‘க்’ கண்ணுக்குத் தெரியாது, அதற்கு நாளாகும். வாசிப்பில் மட்டும்தான் ‘பாக்கு’ என்கிறானா, பேச்சிலும் அப்படியா என்று கவனியுங்கள். பேச்சில் சரியாகச் சொல்கிறான் என்றால், எழுத்துக் கூட்டும்போது ஒவ்வொரு எழுத்தாக இழுப்பதால் வருவது. தானாகப் போய்விடும்.

பட்டாயாக்காரர்

எனக்குத் தெரிந்த எளிய வழி: புத்தகத்தை மூடிவிட்டு வெளியே அழைத்துப் போங்கள். நீங்கள் சீலோமில் இருக்கிறீர்கள், பக்கத்திலேயே பிடிஎஸ் ரயில் நிலையம் ஸாலா டேங். நம் பிள்ளை பாடும் பாட்டில் ‘ஸோ ஸாலா’ என்று ஓர் எழுத்து வருமே, அதே ‘ஸாலா’தான் நிலையத்தின் பெயர். மண்டபம். ‘டேங்’ என்றால் சிவப்பு. பாட்டில் உள்ள சொல் அப்படியே பெரிய எழுத்தில் தொங்குகிறது! இன்னும் வடக்கே போனால் ஸபான் க்வாய், எருமைப் பாலம். அதில் பாட்டின் எருமை எழுத்து. ரயிலில் அடுத்த நிலையத்தின் பெயரை ஒலிபெருக்கியில் சொல்வார்கள். பிள்ளை வாசித்தது சரியா என்று அங்கேயே தெரிந்துவிடும். நமக்கு எழுத்துத் தெரியவேண்டிய அவசியமே இல்லை.

அனுபான் டீச்சர்

நிலையப் பெயர் யோசனை அருமை. ஸாலா டேங் எழுத்துக் கூட்டவும் எளிது: இரண்டு திறந்த அசை (உயிரொலியில் முடிவது), ஒரு முன்கொம்பு, ஒரு ‘ங்’. ஆனால் கடைப் பலகைகளில் ஒரு சங்கடம் உண்டு. பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் எழுத்துக்குத் தலை இருக்கும், அந்தச் சின்ன வட்டச் சுழி. எழுதும்போது அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். கோழி எழுத்து போன்ற ஓரிரண்டுக்குத்தான் தலை இல்லை. துணிக்கும் தேனீக்கும் வரும் எழுத்தில் தலை உள்நோக்கி இருக்கும். ‘போ பான்’ என்ற தட்டு எழுத்தில் வெளிநோக்கி இருக்கும். இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவது தலைதான். ஒலி ஒன்று, எழுத்து சேரும் சுரப் பிரிவு (வகுப்பு) வேறு, அதனால் சுரமும் வேறு. பெரிய மால்களின் பலகைகளிலும் விளம்பரங்களிலும் அழகுக்காகத் தலையை எடுத்துவிடுகிறார்கள். ‘நோ’ ஆங்கிலச் சின்ன ‘யு’ போலவும், ‘ரோ’ ஆங்கில ‘எஸ்’ போலவும் நிற்கும். வாசிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு அது குழப்பம். தலையுள்ள எழுத்து கைவந்த பிறகு அந்தப் பலகைகளைக் காட்டலாம்.

இன்னொன்றிலும் எனக்கு உடன்பாடு இல்லை. புத்தகத்தை மூட வேண்டாம். பலகையைப் பார்த்துச் சொல்வது பல நேரம் படத்தைப் பார்த்துச் சொல்வதுதான். நிறத்தையும் இடத்தையும் வைத்துச் சொல்லிவிடுவார்கள். தெரியாத சொல்லை எழுத்துக் கூட்டிச் சொல்கிறானா என்பதே சோதனை.

ரங்சித் அப்பா

டீச்சர், நீங்க சொன்னதுக்கு அப்புறம் எழுதிக் கொடுக்கிறதை நானும் நிறுத்திட்டேன். ஆனா பொண்ணு மாட்டிக்கிற இடம் வேற. எழுத்துல மூணு வகுப்பு இருக்காமே, உயர், நடு, தாழ்னு. ஒரே மை தோ குறி ஒரு வகுப்புல இறங்குது, இன்னொரு வகுப்புல உயருது. அட்டவணை போட்டு மனப்பாடம் பண்ண வச்சேன். அட்டவணையை ஒப்பிக்கிறா, வாசிக்கும்போது வரல.

அனுபான் டீச்சர்

அண்ணா, அட்டவணையை இப்போதைக்கு எடுத்து வையுங்கள். உங்கள் மகளுக்குக் குதிரையும் நாயும் பேச்சில் தெரியும். ‘மோ, ஆ’ என்று கூட்டி வரும்போதே ‘ஓ, குதிரையா!’ என்று அவளுக்குத் தெரிந்துவிட்டால் சுரம் தானாக வரும். அதற்குப் பிறகு மேலே உள்ள குறியைக் காட்டி, ‘இதனால்தான் குதிரை’ என்று சொல்லுங்கள். காது முதலில், விதி பின்னால். அதனால் ஏழு வயதுப் பிள்ளைக்கு வாசிக்கக் கொடுக்கும் சொல் எல்லாம் அது ஏற்கெனவே பேசும் சொல்லாக இருக்க வேண்டும். தெரியாத சொல்லை வைத்துச் சுரம் பழக்குவது பிள்ளைக்குக் கொடுமை. தெரியாத சொல் பாடத்தில் வந்தால் முதலில் பொருளைச் சொல்லி, வாயில் புழங்க வைத்து, பிறகு எழுத்தைக் காட்டுங்கள்.

வகுப்புகளுக்கு இங்கே எல்லோரும் படித்த வாக்கியங்கள் உண்டு. நடு வகுப்பு எழுத்து 9. அதற்கு ‘கை ஜிக் டெக் தாய் பொன் பாக் ஓங்’, கோழி கொத்திப் பிள்ளை தண்ணீர்ச்சாடியின் விளிம்பில் செத்துப்போனது. கொஞ்சம் கொடூரம்தான், ஆனால் மறக்காது. உயர் வகுப்பு எழுத்து 11. அதற்குப் பேய் ஒன்று அரிசிப் பையைக் கொடுத்து வைத்துவிட்டுப் போகிற வாக்கியம்: ‘பீ ஃபாக் துங் காவ் ஸான் ஹை சான்’. இரண்டிலும் வராதது எல்லாம் தாழ் வகுப்பு, 24. முதலில் நடு வகுப்பை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதில்தான் குறி சொல்வதும் குரல் போவதும் ஒத்துப்போகும், ஐந்து சுரமும் அதில்தான் முழுசாக வரும். அது ஊறிய பிறகு மற்றவை.

முடிவெழுத்திலும் இப்படி ஒரு வரிசை உண்டு. ‘ங், ம், ய், வ்’வில் முடியும் சொற்களை முதலில் கொடுங்கள். அந்த நான்கில் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு எழுத்துதான். ‘ன்’, ‘ட்’ முடிவுகளைக் கடைசிக்கு வையுங்கள். ‘ட்’ ஒலிக்குப் பத்துக்கு மேல் எழுத்து இருக்கிறது.

சியாங்மாய் மருமகள்

அந்த ‘ன்’ முடிவில் நம் பிள்ளைகளுக்கு ஒரு சலுகை இருக்கிறது. ரகரமும் லகரமும் சொல்லின் கடைசியில் வந்தால் ‘ன்’ ஆகிவிடும். ‘ஆஹார’ என்று எழுதியிருக்கும், ‘ஆஹான்’ என்று வாசிக்க வேண்டும். அதே ஆகாரம்தான், சாப்பாடு. மூன்றே மெய்யெழுத்து, உயிர்க்குறியே இல்லாமல் ந-க-ர என்று நிற்கும். வாசித்தால் ‘நகோன்’. நகரம். நகோன் பதோம், நகோன் ராட்சஸிமா போகும் பஸ் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. ‘ஆதித்ய’ என்று எழுதி, கடைசி எழுத்தின் தலையில் ஒரு சுழி போட்டு ஊமையாக்கி ‘ஆதிட்’ என்பார்கள், ஞாயிறு. ஸுக் என்றால் வெள்ளி, ஸாவ் என்றால் சனி. எழுத்தைப் பார்த்தால் ஸுக்கில் சுக்ரன் உள்ளே இருப்பது தெரியும். எழுத்துப் பாட்டிலேகூட ராவணன் மனைவி மண்டோதரி ‘மொன்தோ’வாக வருகிறாள், யட்சன் வருகிறான், ரிஷி வருகிறார். கதை சொல்லிக்கொண்டே அந்த எழுத்துகளை நடத்திவிடலாம். ஆனால் இதெல்லாம் ப்ரதோம் 2, 3-க்கு. இப்போதே போட்டுக் குழப்ப வேண்டாம்.

‘ஐ’ ஒலிக்கு இரண்டு கொம்பு இருக்கிறதே, அது எப்போது எது என்று உங்கள் பிள்ளை கட்டாயம் கேட்பான். சுருண்ட கொம்பு வருவது 20 சொல்லில் மட்டும். அந்த இருபதையும் கோத்து ஒரு செய்யுள் உண்டு. என் மாமியார் சமைத்துக்கொண்டே பேத்திக்குச் சொல்லிக் கொடுத்தார். பெரியவர் புதுத் துணி தேடி, கழுத்தில் போட்டுக்கொள்ள மருமகளுக்குக் கொடுக்கிறார் என்று தொடங்கும். மருமகளான எனக்கும் அது அப்படியே மனசில் நின்றுவிட்டது.

பாங்காக்கில் பிறந்தவள்

ஒரு சின்ன எச்சரிக்கை. தெருவில் பலர் ‘ர’வை ‘ல’ என்றுதான் பேசுகிறார்கள், ‘ப்லா’ (மீன்) என்பதை ‘பா’ என்கிறார்கள். பிள்ளையும் அப்படித்தான் பேசும். வாசிக்கும்போது டீச்சர் திருத்துவார். நம் பிள்ளைகளுக்கு ரகரம் சுத்தமாக வரும், அதை விட்டுவிட வேண்டாம். சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லாததும் ப்ரதோம் 2-க்கு மேல் படுத்தும். ‘தாக்லொம்’ என்பதைத் ‘தா-க்லொம்’ என்று பிரித்தால் உருண்டைக் கண், ‘தாக்-லொம்’ என்று பிரித்தால் காற்று வாங்குவது. பென்சிலால் மெல்லிய கோடு போட்டுப் பிரிப்பதை இங்குள்ள ஆசிரியர்களே அனுமதிக்கிறார்கள்.

சீலோம் அம்மா

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கடைசியாக ஒன்று. எழுத்தே தெரியாத நான், அவன் வாசித்தது சரி என்று எதை நம்பிக் கையெழுத்துப் போடுவது? வருஷக் கடைசியில் ப்ரதோம் 1 பிள்ளைகளுக்கு வாசிப்புத் தேர்வு இருக்கிறது என்கிறார்கள், அதுவும் பயமாக இருக்கிறது.

அனுபான் டீச்சர்

அந்தத் தேர்வில் இரண்டு பகுதி: சத்தமாக வாசிப்பது, வாசித்ததைப் புரிந்துகொள்வது. பேச்சு நன்றாக இருக்கும் பிள்ளைக்கு இரண்டாவது பகுதி கைகொடுக்கும், பயப்படாதீர்கள்.

கையெழுத்துக்கு இப்படிச் செய்யுங்கள். தாய்லாந்துக்காரத் தோழி ஒருவரிடமோ, அந்தப் பழக்கடை அம்மாவிடமோ அந்தப் பக்கத்தை நிதானமாக வாசித்து லைன் செயலியில் குரல் செய்தியாக அனுப்பச் சொல்லுங்கள். மகன் முதலில் தானே எழுத்துக் கூட்டி வாசிக்கட்டும். பிறகு குரல் செய்தியைப் போட்டு, விரலை எழுத்தின் மேல் ஓட்டிக்கொண்டே கேட்கட்டும். எங்கே மாறியது என்று அவனே சொல்வான். முதலில் கேட்டுவிட்டு வாசித்தால் மனப்பாடம் செய்துவிடுவான், அதனால் வரிசையை மாற்ற வேண்டாம். ஒரே நாளில் முழுப் பக்கம் வேண்டாம், அலுப்புத் தட்டினால் நான்கு வரியோடு நிறுத்திவிடுங்கள். டீச்சரிடமும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்: எனக்கு வாசிக்கத் தெரியாது, இந்த முறையில் கேட்கிறேன் என்று. இங்குள்ள டீச்சர்கள் அதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை.

புத்தகம் வாங்கிக் கட்டுப்படியாகாவிட்டால் சென்ட்ரல் வேர்ல்ட் மாலில் டிகே பார்க் நூலகம் இருக்கிறது. திறந்த அசைச் சொற்கள் மட்டும் உள்ள சின்னக் கதைப் புத்தகங்களாகத் தேடுங்கள். ‘மே கோ கா’ (திறந்த அசை) சொற்கள் உள்ளது எங்கே என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.

சீலோம் அம்மா

பழக்கடை அம்மாவிடம் இன்றே கேட்டேன். உடனே சரி என்றார். கடையில் கூட்டமில்லாத நேரத்தில் மகனையே அனுப்பு, நேரிலேயே கேட்கிறேன் என்கிறார். குரல் செய்தி நல்லதா, நேரில் உட்கார வைப்பது நல்லதா டீச்சர்?

அனுபான் டீச்சர்

நேரில். சந்தேகமே வேண்டாம்.